இரண்டு பேருக்கான காற்று
(ரொறன்ரோ, ரூஜ் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆழத்தில் சுழியோடுகிறவர்கள் முதுகில் இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டின் கழுத்துகளையும் இணைக்கிற குறுக்குக் குழாய் ஒன்று உண்டு. அதற்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘பெஞ்சமின் கன்வேர்ஷன்’. அந்தப் பெஞ்சமின் எங்கள் ரொறன்ரோக்காரர். ஜோர்ஜ் பெஞ்சமின் தொழிலால் இரசாயனவியலாளர், ஒளிப்படக் கலையில் தேர்ந்தவர். பஹாமாசின் அன்ட்ரொஸ் தீவை ஒட்டி, கடலின் அடியில் வாய்திறந்து கிடக்கும் நீலக்குழிகளுக்குள் 1960களில் திரும்பத் திரும்ப இறங்கினார். ஒரு குழியின் உள்ளே, கூரையிலிருந்து தொங்கும் சுண்ணக் கூம்புகளைக் கண்டார். அப்படிப்பட்ட கூம்பு காற்றில் சொட்டுச் சொட்டாக வடிந்துதான் வளர முடியும். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் அந்தக் குகைகள் வறண்டு இருந்தன என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. அவருடைய கட்டுரை 1970 செப்ரெம்பர் நஷனல் ஜியோகிரபிக் இதழில் வந்தது.

இன்று நான் பேசப்போவது நீலக்குழிகளைப் பற்றி அல்ல, அங்கே அவருக்கு எழுந்த ஒரு சிக்கலைப் பற்றி. குகைக்குள் இருப்பவருக்குத் தலைக்கு மேலே பாறை. காற்று நின்றால் நேரே மேலே வர வழியில்லை. அந்தக் காலத்தில் இரட்டைச் சிலிண்டர் கட்டியவர்களுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. இரண்டையும் இணைத்து, ஒரே வால்வில், சுவாசிக்க வாய்க்குக் காற்றைத் தரும் ஒரே ரெகுலேற்றரைப் பூட்டலாம். அந்த ஒன்று பழுதானால் முதுகில் எவ்வளவு காற்று இருந்தும் வாய்க்கு வராது. அல்லது இரண்டையும் தனித்தனியே விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக இரண்டு ரெகுலேற்றர்களைப் பூட்டலாம். அப்போது ஒன்று பழுதானால் பாதிக் காற்று எட்டாமலே போய்விடும். பெஞ்சமினும் அவரோடு சுழியோடிய ஐக் இக்கெஹாராவும் வடிவமைத்த குழாயில் வெளிவழிகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் திருகுபிடி. ஒரு ரெகுலேற்றர் பழுதானால் அதன் வழியை மட்டும் அடைக்கலாம். இரண்டு சிலிண்டர்களின் காற்று முழுவதும் மற்ற வழியாகக் கிடைக்கும்.

அதிலும் ஒரு குறை மிஞ்சியது. சிலிண்டர் கழுத்திலுள்ள இறப்பர் வளையம் கிழிந்தால், அல்லது குறுக்குக் குழாயே கசிந்தால், இரண்டு சிலிண்டரும் அந்த ஓட்டை வழியாகக் காலியாகும். அதனால் பின்னாளில் குழாயின் நடுவே மூன்றாவது திருகுபிடி ஒன்று வந்தது. அதை மூடினால் இரட்டை இரண்டாகப் பிரியும், பாதியாவது தப்பும். இந்த மேசையில் வைத்திருக்கிற இரட்டையைப் பாருங்கள். வலது, நடு, இடது என்று மூன்று கறுப்புப் பிடிகள். நான் இன்று சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த மூன்று பிடிகளையும், இதற்குள் இருக்கிற காற்று யாருக்கு என்ற கேள்வியையும் சுற்றித்தான்.

“எந்தச் சிலிண்டர் நல்லது, எவ்வளவு பெரிதாக வாங்கலாம்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரிதாக வாங்கினால் கூடுதல் நேரம் அடியில் நிற்கலாம் என்ற எண்ணம். கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆழத்தின் அடியில், மிக மோசமான நிமிடத்தில், உங்கள் துணைச் சுழியோடியின் காற்று அடியோடு நின்றுவிடுகிறது. அவர் உங்கள் வாயிலிருப்பதை வாங்கிச் சுவாசிக்கிறார். இருவரும் உயிரோடு மேலே வர எவ்வளவு காற்று வேண்டும்? முதலில் அதை ஒதுக்குங்கள். மிச்சம்தான் சுற்றிப் பார்ப்பதற்கு.

நமக்குத் தெரிந்த கடலில் வைத்தே கணக்குப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். கப்பல் இன்று ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் அந்தக் கரையில் வளர்ந்தவர்கள். உலகின் பல பக்கங்களிலிருந்தும் சுழியோடிகள் அதைக் காணப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் போக ஆசைப்படுகிறார்கள், அது நல்ல ஆசை.

53 மீற்றரில் அமுக்கம், மேற்பரப்பில் உள்ளதைப்போல 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கிற ஒருவர் அங்கே 126 லீற்றர் செலவழிப்பார். இது அமைதியாக இருக்கும்போது. பதற்றத்தில் ஒருவருக்கு 30 லீற்றர் என்று வையுங்கள். இருவருக்கும் 60. அந்த ஆழத்தில் அது நிமிடத்துக்கு 378 லீற்றர். வாய்மாற்றி, ஒருவரை ஒருவர் பிடித்து, நிதானத்துக்கு வர 2 நிமிடம்: 756 லீற்றர். அங்கிருந்து நிமிடத்துக்கு 10 மீற்றர் வீதம் ஏறி, பக்கத்தில் தொங்கும் பாதி ஒட்சிசன் கலந்த சிலிண்டருக்கு மாறக்கூடிய 21 மீற்றருக்கு வர 3 நிமிடத்துக்குச் சற்று மேல்: இன்னுமொரு 900 லீற்றர். ஆகமொத்தம் ஏறக்குறைய 1,660 லீற்றர்.

இப்போது மேசைக்கு வாருங்கள். இவை அலுமினியம் 80 என்று எல்லோரும் சொல்கிற சாதாரணச் சிலிண்டர்கள். ஒன்றின் கொள்ளளவு 11.1 லீற்றர். ஒற்றைச் சிலிண்டரோடு போனால் அந்த 1,660 லீற்றர் என்பது சிலிண்டருக்குள் 150 பார் அமுக்கம். 200 பார் நிரப்பியிருந்தால் உங்களுக்கென்று மிஞ்சுவது 50 பார்தான். அது அடிக்கு இறங்கிச் சேர்ந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோகும். இரட்டை என்றால் 22.2 லீற்றர், ஒதுக்கவேண்டியது 75 பார். மிச்சம் 125 பாரில், இறங்கும் நேரத்தையும் சேர்த்து 20 நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒற்றைக்கும் இரட்டைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரட்டை கட்டுவது உங்கள் சுகத்துக்காக அல்ல, துணையாக வருபவரின் உயிருக்காக.

மூன்றிலொரு பங்கு விதி என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பங்கில் உள்ளே போ, ஒரு பங்கில் வெளியே வா, ஒரு பங்கு அவசரத்துக்கு. புளோரிடாவின் குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி 1979இல் வெளியிட்ட சிறுநூலால் பரவிய விதி அது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் 200 பாரில் மூன்றிலொரு பங்கு 67 பார்தான். நாம் இப்போது கண்ட தேவை 75. ஆழம் கூடக்கூட அந்த விதி குறைத்தே காட்டும். விதியை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

அப்படியானால் 17 லீற்றர் சிலிண்டர் இரண்டைக் கட்டிவிட்டால் கவலையில்லையே என்று தோன்றும். இங்கேதான் பாரமும் மிதப்பும் வருகின்றன. நான் கண்ட பிழையான தெரிவுகளில் பெரும்பாலானவை காற்றுக் கணக்கில் வந்தவை அல்ல, மிதப்பில் வந்தவை.

காற்றுக்கும் எடை உண்டு. ஆயிரம் லீற்றருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. இந்த இரட்டையை நிரப்பி இறங்கி, முழுவதையும் சுவாசித்து முடித்தால் நீங்கள் 5 கிலோவுக்கு மேல் இலேசாகிவிடுவீர்கள். கடைசியாக 6 மீற்றரில் அசையாமல் தரிக்க வேண்டிய நேரத்தில்தான் அந்த இலேசு உங்களை மேலே இழுக்கும். அலுமினியம் 80 காலியானால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ மிதக்கும். உருக்குச் சிலிண்டர்கள் காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது. ஆகவே உருக்குத்தானே மேல் என்று சொல்லத் தோன்றும். எந்தத் தண்ணீரில், எந்த உடையில் என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்திலிருந்து ரூஜ் ஆறு போய்ச் சேர்கிற ஒன்ராறியோ ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ரூஜ் பீச்சில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஆனால் ஆழத்தில் அதே ஏரி ஆடியிலும் மார்கழியிலும் 4 பாகை செல்சியசை ஒட்டித்தான் இருக்கும். அங்கே இறங்குபவர் நீர் புகாத ட்ரை சூட்டும் அதற்குள் தடித்த உள்ளுடையும் போட வேண்டும். அந்த உடைக்குள் அடைபடும் காற்று அவரை மிதக்கவைக்கும். மூழ்க எப்படியும் ஈயம் கட்டவேண்டியவர் அவர். உருக்கு இரட்டையின் பாரம் அந்த ஈயத்தின் வேலையைச் செய்துவிடும். மிதப்பைச் சரிசெய்யக் காற்றேற்றும் மிதவைப் பை கிழிந்தாலும் உடைக்குள் காற்றேற்றி மேலே வரலாம். ஆகவே இந்தப் பேரேரிகளில் உருக்கு பொருந்தும். டொபர்மோரியில் ஃபாதம் ஃபைவ் தேசிய நீர்ப்பூங்காவில், 1904இல் மூழ்கிய ஃபொரெஸ்ற் சிற்றி கப்பல் 18 மீற்றரிலிருந்து 46 மீற்றர் வரை சரிந்து கிடக்கிறது. அதன் பின்பகுதிக்குப் போகிறவர்களின் முதுகில் உருக்கு இரட்டையைப் பார்க்கலாம். ‘எச்பி 100’ என்ற உயர் அமுக்க வகையோ, ‘எல்பி 85’ என்ற குறைந்த அமுக்க வகையோ இருக்கும். இரண்டும் கொள்ளளவில் 13 லீற்றரை ஒட்டியவை. என்னைக் கேட்டால் முதல் இரட்டைக்கு இந்த அளவு போதும், இதற்கு மேல் வேண்டாம்.

அதே உருக்கு இரட்டையை மட்டக்களப்புக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் இளஞ்சூடு. மெல்லிய வெட் சூட்டோ, வெறும் சட்டையோதான். அந்த வெட் சூட்டும் 50 மீற்றரில் நசுங்கித் தன் மிதப்பை இழந்துவிடும். நிரம்பிய உருக்கு இரட்டை, குழாய், பட்டைகள், முதுகுத்தகடு எல்லாம் சேர்ந்து நீருக்குள் 10 கிலோவுக்கு மேல் கீழே இழுக்கலாம். மிதவைப் பை கிழிந்தால்? கழற்றி எறிய ஈயம் கிடையாது, ஏனென்றால் பாரமே சிலிண்டர்தான். கால்விசிறிகளால் உதைத்து அந்தப் பாரத்தை 53 மீற்றர் தூக்கிவர எத்தனை பேரால் முடியும்? அங்கே அலுமினியம்தான் சரி. கட்டுகிற ஈயத்தை அவசரத்தில் கழற்றி விடலாம். மிஞ்சுகிற பாரத்தை உதைத்து ஏறலாம். கனடாவில் பழகி, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சுழியோட நினைக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. இங்கே உங்களைக் காப்பாற்றுகிற சிலிண்டர் அங்கே உங்களை அடியில் வைத்திருக்கும்.

பருமனே எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல என்பதற்கு இன்னொரு சான்று நம் ஏரியிலேயே இருக்கிறது. 1813 ஓகஸ்ட் 8ஆம் நாள் ஒரு திடீர்ப் புயலில் ஹமில்டன், ஸ்கேர்ஜ் என்ற இரண்டு அமெரிக்கப் போர்ப்பாய்க்கப்பல்கள் ஒன்ராறியோ ஏரியில் மூழ்கின. ஏறத்தாழ 90 மீற்றர் ஆழத்தில் இருக்கும் அவற்றை 1973இல் கண்டுபிடித்தார்கள். அனுமதியின்றி அவற்றை நெருங்குவதை மாகாணச் சட்டம் தடுக்கிறது, அது சரியான சட்டம், அவை கல்லறைகள். ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டாலும், 90 மீற்றரில் அமுக்கம் 10 மடங்கு. சாதாரணக் காற்றிலுள்ள ஒட்சிசனே அங்கே நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரும். நைதரசன் புத்தியை மயக்கிவிடும். ஹீலியம் கலந்த வாயு இல்லாமல் அங்கே போக முடியாது. எவ்வளவு பெரிய சிலிண்டரில் நிரப்பினாலும் காற்று காற்றுத்தான்.

இனி அந்த மூன்று பிடிகளுக்கு வருகிறேன். பேரேரிகளின் குளிரில் ரெகுலேற்றரின் உள்ளே பனி கட்டி, அது திறந்தபடியே சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். காற்று இரைச்சலோடு கொட்டும், முகத்துக்கு முன்னால் குமிழிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்போது சுழியோடி கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், தடித்த கையுறையோடு, கண்ணால் பார்க்காமல், சரியான பிடியைத் தேடித் திருக வேண்டும். பெஞ்சமினின் குழாய், நடுவில் வந்த தடுப்புப் பிடி, நான் சொன்ன காற்றுக் கணக்கு எல்லாமே அந்தக் கை எட்டுமா என்பதில் தங்கியிருக்கின்றன. எட்டாதவருக்கு இரட்டைச் சிலிண்டர் பாதுகாப்பு அல்ல, வெறும் பாரம்.

எட்டுவதும் எட்டாததும் சிலிண்டரின் நீளத்தையும் பட்டைகளின் இடத்தையும் பொறுத்தது. அலுமினியம் 80இன் உயரம் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர். எச்பி 100 அதைவிடக் கொஞ்சம் குட்டை. உயரம் குறைந்தவர் நீளச் சிலிண்டரைக் கட்டினால் அடிப்பக்கம் தொடையின் பின்புறத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க மேலே ஏற்றினால் குழாய் பின்மண்டையில் முட்டும், கீழே இறக்கினால் பிடி கைக்கு எட்டாது. நம் பெண்பிள்ளைகள் பலர் இந்த ஒரு காரணத்தால் தங்களுக்கு இந்தக் கலை ஒத்துவராது என்று விலகிவிடுகிறார்கள். குட்டையான உருக்கு இரட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் விலகியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் நிற்கும்போது 40 கிலோவைத் தாண்டுகிற இந்தப் பாரத்தை முதுகு தாங்காதவர்களுக்கு, சிலிண்டர்களை விலாப்பக்கத்தில் தனித்தனியே மாட்டும் முறையும் உண்டு. நீருக்குள் இறங்கிய பின் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம்.

பிடிகளைப் பற்றி இன்னொரு நுணுக்கம். இந்த இரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கப்பலின் உட்கூரையில் உரசியபடி முன்னே போகிறீர்கள் என்று வையுங்கள். உரசலில் இடதுபிடி மூடும் பக்கமாகச் சுழலும், வலதுபிடி திறக்கும் பக்கமாகச் சுழலும். அதனால்தான் ஆபத்தில் துணைக்குக் கொடுக்கிற ஏறக்குறைய 2 மீற்றர் நீளக் குழாயை எப்போதும் வலது வால்வில் பூட்டுகிறார்கள். உங்கள் வாயிலும் அதுவே இருக்கும். உங்களுக்கே தெரியாமல் மூடிக்கொண்ட வழியைத் துணைக்கு நீட்டுகிற நிலை அப்போது வராது.

இன்னொரு விடயத்தை இந்தச் சபையில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இலங்கையில் நம் வடகரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்குகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். படகில் சிலிண்டர்களை அடுக்கிவைத்து, ஒன்று தீர மற்றதை மாட்டி, ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குவது அந்தத் தொழிலின் வழக்கம். அவர்களிடம் காற்று இருக்கிறது. உடலில் கரைந்த நைதரசன் வெளியேற மேலேறும் வழியில் தரித்து நிற்க வேண்டும் என்ற கணக்கை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அமுக்கநோய் தாக்கிக் கால் வழங்காமல் போனவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சிலிண்டர் கூடினால் அடியில் நிற்கும் நேரம் கூடும், நேரம் கூடினால் தரிக்கவேண்டிய நேரமும் கூடும். இரட்டையைத் தெரிவுசெய்யும்போது, அந்தத் தரிப்புகளுக்கான வாயுவைத் தனிச் சிலிண்டரில் கொண்டுபோகிறோமா, அந்தச் சிலிண்டர் தவறினால் முதுகிலுள்ளது போதுமா என்றும் பார்த்தே தீரவேண்டும். இங்கே பணம் கட்டிப் பயிலும் நம் பிள்ளைகள், இந்தக் கணக்கை ஊருக்கும் தமிழில் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, வாங்குவது பற்றி. புதிய இரட்டை விலை கூட. அதனால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள், அதில் தவறில்லை. சிலிண்டரின் தோளில் பொறித்திருப்பதை வாசிக்கப் பழகுங்கள். இதில் ‘ரிசி-3ஏஎல்எம் 207’ என்று இருக்கிறது. ரிசி என்பது கனடாப் போக்குவரத்து அமைச்சின் குறி, 207 என்பது பாரில் அமுக்கம். அமெரிக்காவிலிருந்து மலிவாக வருவதில் அந்தக் குறி இல்லாவிட்டால் இங்கே நிரப்ப மறுக்கக்கூடும். பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும், அது நீரமுக்கச் சோதனை செய்த நாள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை வேண்டும். இரண்டு சிலிண்டரும் ஒரே வகை, ஒரே உயரம், ஒரே சோதனை நாளாக இருந்தால் நல்லது. 1988க்கு முந்திய அமெரிக்க அலுமினியச் சிலிண்டர்களில் 6351 என்ற உலோகக் கலவையால் ஆனவை உண்டு. அவற்றின் கழுத்தில் காலப்போக்கில் வெடிப்பு விழுவது தெரியவந்து, அந்தக் கலவையையே கைவிட்டார்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் அவற்றை வாங்காதீர்கள். குறைந்த அமுக்க உருக்குச் சிலிண்டரில் பொறித்த அளவுக்கு மேலே நிரப்பிக் கொடுக்கிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் முதுகில், உங்கள் காரில், உங்கள் வீட்டு நிலவறையில் இருக்கப்போவது அது என்று எண்ணி மறுத்துவிடுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ட்ரை சூட்டையும் தடித்த கையுறையையும் எடுத்துப் போங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு இரட்டையை முதுகில் ஏற்றுங்கள். வலது, நடு, இடது மூன்று பிடிகளையும் முழுதாக மூடி, முழுதாகத் திறந்து பாருங்கள். பட்டைகளை மேலும் கீழும் நகர்த்தியும் ஒரு பிடி எட்டவில்லை என்றால், அந்த இரட்டை உங்களுக்குரியதல்ல, அடுத்ததைப் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மேசைக்கு வந்து தூக்கிப் பார்க்க விரும்புகிறவர்களும் வரலாம்.